மசாஜில் இத்தனை வகை: கழுத்து முடிச்சு, ஆடுசதை இறுக்கம், கை வீக்கம் மூன்றுக்கும் எது பொருந்தும்?

நிமிர்முதுகு (கேள்வி)

வணக்கம். மசாஜ் நிலையங்களின் பட்டியலை எடுத்தால் ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, ஷியாட்சு, தாய், ட்ரிகர் பாயின்ட், ஸ்போர்ட்ஸ், ஹாட் ஸ்டோன், லிம்ஃப் ட்ரெய்னேஜ் என்று நீண்டுகொண்டே போகிறது. எல்லாவற்றுக்கும் கீழே "உடல் தளர்வு, ரத்த ஓட்டம், நச்சு நீக்கம்" என்று அதே மூன்று பலன்கள். இதை வைத்து எதைத் தேர்ந்தெடுப்பது?

வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதமான தேவை.

ஒருவர் நாளுக்கு ஒன்பது மணி நேரம் கணினி முன் உட்காருபவர். வலது தோளின் மேல், கழுத்து இறங்கும் இடத்தில் கல் மாதிரி ஒரு முடிச்சு. மாலையானால் வலி நெற்றிப்பொட்டு வரை ஏறுகிறது.

இன்னொருவர் வாரம் 40 கிலோமீட்டர் ஓடுபவர். ஆடுசதை எப்போதும் இறுகிக் கிடக்கிறது. காலையில் எழுந்து முதல் சில அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே விறைப்பும் வலியும்.

மூன்றாமவர் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து அக்குள் நிணநீர்க் கணுக்கள் எடுக்கப்பட்டவர். சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகிறது. இப்போது அந்தப் பக்கக் கை வீங்கத் தொடங்கியிருக்கிறது. நன்றாக அழுத்தி உருவிவிட்டால் நீர் இறங்கிவிடும் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்கள்.

யாருக்கு எது, எவ்வளவு அழுத்தம், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அழுத்தமானி

நண்பரே, மூன்றாமவரின் கையை யாரும் அழுத்தி உருவ வேண்டாம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தச் சிகிச்சையை முறையாகப் படித்தவர்கள் இந்தத் தளத்தில் இருக்கிறார்கள், வந்து விளக்குவார்கள். நான் பட்டியலைப் பிரித்துத் தருகிறேன்.

பெயர்கள் குழப்புவது இயல்புதான். ஸ்வீடிஷ், தாய் என்பவை நாட்டை வைத்து வந்த பெயர். டீப் டிஷ்யூ ஆழத்தை வைத்து, ஹாட் ஸ்டோன் கருவியை வைத்து, ஸ்போர்ட்ஸ் வருகிற ஆளை வைத்து. அதனால் பெயரைத் தள்ளிவைத்துவிட்டு நான்கு விஷயங்களைக் கேளுங்கள். கை எந்த அடுக்கில் வேலை செய்கிறது, தோலிலா தசையிலா தசைநாணிலா? எவ்வளவு வேகம்? எந்தத் திசை? எண்ணெய் உண்டா, இல்லையா? இந்த நான்குக்கும் பதில் சொல்லத் தெரியாதவரிடம் வலியுள்ள உடம்பைக் கொடுக்காதீர்கள்.

ஸ்வீடிஷ் முறையில் ஐந்து அசைவுகள்: நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்த்தல். இதை உருவாக்கியவர் ஸ்வீடனின் பெர் ஹென்ரிக் லிங் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். 1776 முதல் 1839 வரை வாழ்ந்த லிங் வகுத்தது பெரும்பாலும் உடற்பயிற்சி முறை. இந்த ஐந்து அசைவுகளையும் பிரெஞ்சுப் பெயர்களோடு ஒழுங்குபடுத்தியவர் பின்னால் வந்த டச்சு மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர். வரிசை முக்கியம். முதல் ஐந்து நிமிடம் நீள நீளமான நீவல் மட்டும், கை கால்களில் இதயத்தை நோக்கி. தசை சூடாகி இளகிய பிறகு பிசைதல். எடுத்த எடுப்பில் ஆழமாக அமுக்கினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகும், அப்புறம் ஒரு மணி நேரம் போராடினாலும் விடாது. மனப் பதற்றம், தூக்கக் குறைவு, உடல் அசதி, முதல்முறை வருபவர்கள் எல்லோருக்கும் இதுதான் என் முதல் தேர்வு.

டீப் டிஷ்யூ என்றால் பலமாக அமுக்குவது என்று நினைப்பவர்கள் மசாஜ் செய்பவர்களிலேயே பாதிப் பேர். உண்மையில் அது மெதுவாக அமுக்குவது. முன்கையையோ மடக்கிய கைமுட்டியையோ தசைமேல் வைத்து, உடல் எடையைச் சாய்த்து, இறங்க இறங்கக் காத்திருந்து, பிறகு சுமார் 45 பாகைச் சாய்வில் தசை நாரின் போக்கிலேயே நகர வேண்டும். முதுகெலும்பின் ஓரமாகத் தோளிலிருந்து இடுப்பு வரை ஒருமுறை இறங்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகவேண்டும். ஐந்து விநாடியில் சர்ரென்று போனால் அது தோலைத் தேய்த்ததோடு சரி. எண்ணெயும் குறைவாகவே இருக்க வேண்டும். வழுக்கினால் பிடிமானம் போய்விடும், பிடிமானம் இல்லாதபோது அழுத்தத்தைக் கூட்டுவார்கள், அங்கேதான் கன்றிப்போகிறது.

ஷியாட்சுவும் தாய் மசாஜும் எண்ணெய் இல்லாமல், ஆடையோடு, தரையில் விரித்த மெத்தையில் செய்பவை. ஷியாட்சுவில் கட்டைவிரலும் உள்ளங்கையும் தோலுக்குச் செங்குத்தாக இறங்கிச் சில விநாடி நிற்கும், பிறகு அடுத்த புள்ளி. தாய் முறையில் அழுத்தத்தோடு இழுத்து நீட்டுவதும் சேரும். இடுப்பு, தொடைப் பின்பக்கம் இறுகியவர்களுக்கு அது நன்றாகவே உதவும். 2019ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏறிய முறை அது. ஆனால் முதுகு வட்டு பிதுங்கியவர்கள், இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள் அந்த இழுப்புகளுக்குள் போகக் கூடாது. முறுக்கி எடுக்கும் ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் அந்த மூட்டு எவ்வளவு தூரம் தானாகப் போகிறது என்று பார்க்காத கை ஆபத்தான கை.

சித்த மருத்துவத்தின் தொக்கணமும் இந்த வரிசையில் வர வேண்டியது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. சொற்களைப் பார்த்தாலே தெரியும், மேலே சொன்ன எல்லா முறைகளின் அசைவுகளும் இதற்குள் இருக்கின்றன. கை செய்யக்கூடியது எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

---

நிணநீர்ப்பாதை

மூன்றாமவருக்கான பதில். அழுத்தமானி சொன்னதை நானும் அழுத்திச் சொல்கிறேன்: அந்தக் கையில் பலமான மசாஜ் கூடாது.

காரணம் இதுதான். நிணநீரை, அதாவது திசுக்களுக்கிடையே தேங்கும் நீரை, உள்ளே எடுக்கும் மிக நுண்ணிய நாளங்கள் தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. அவற்றின் சுவர், மெல்லிய இழைகளால் சுற்றியுள்ள திசுவோடு கட்டப்பட்டிருக்கிறது. தோலை லேசாக இழுத்தால் அந்த இழைகள் இழுபட்டு நாளத்தின் வாய் திறக்கும். பலமாக அமுக்கினால் நாளமே நசுங்கிவிடும். போதாததற்கு அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடி, ரத்தக் குழாயிலிருந்து இன்னும் நீர் கசியும். இறக்க நினைத்த வீக்கம் ஏறும்.

இதற்கான முறையை, நீங்கள் பட்டியலில் பார்த்த லிம்ஃப் ட்ரெய்னேஜை, 1930களில் டென்மார்க்கின் எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் உருவாக்கினார்கள். அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால், மூடிய கண் இமைமேல் விரலை வைத்து இமைத் தோலை மட்டும் நகர்த்திப் பாருங்கள், கண்ணை அமுக்காமல். ஏறக்குறைய அவ்வளவுதான். கை தோலின் மேல் வழுக்கக் கூடாது, தோலோடு சேர்ந்து நகர வேண்டும். அதனால் எண்ணெயே கிடையாது.

வரிசை எல்லோரையும் குழப்பும். வீங்கிய கையில் தொடங்கக் கூடாது. வடிகாலைத் திறக்காமல் மேலேயிருந்து தண்ணீர் தள்ளினால் எங்கே போகும்? முதலில் காறை எலும்புக்கு மேலே உள்ள குழி, இரு பக்கமும். அடுத்து நல்ல பக்கத்து அக்குள். பிறகு மார்பின் குறுக்கே, பாதித்த பக்கத்திலிருந்து நல்ல பக்கம் நோக்கி. பிறகு பாதித்த பக்கத்து விலாவிலிருந்து அதே பக்க இடுப்புக் கவட்டையை நோக்கி. இவ்வளவுக்கும் பிறகுதான் கை. அதிலும் மேற்கை முதலில், அடுத்து முழங்கை, முன்கை, கடைசியில் விரல்கள். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து முதல் ஏழு முறை மெதுவாக இழுத்து முழுதாக விட வேண்டும். விடுவதும் இழுப்பதைப் போலவே முக்கியம், நாளம் நிரம்புவது அந்த நேரத்தில்தான்.

இனி யாரும் சொல்லாத பகுதி. மசாஜ் மட்டும் செய்தால் இறங்கிய வீக்கம் சில மணி நேரத்தில் திரும்பிவிடும். சிகிச்சையின் முதுகெலும்பு அழுத்தப் பட்டைதான். குறைந்த அளவே நீளும் பட்டையைப் பல அடுக்காகக் கட்டி, கட்டோடு கையை அசைத்துப் பயிற்சி செய்ய வேண்டும். தசை சுருங்கும்போது பட்டை அதை எதிர்த்து நிற்கும், அந்த இடுக்கில் நீர் மேலே தள்ளப்படும். தோல் பராமரிப்பும் சேர்த்து நான்கும் ஒரே சிகிச்சை. தீவிரக் கட்டத்தில் பெரும்பாலும் வாரம் ஐந்து நாள், இரண்டு முதல் நான்கு வாரம். அதன்பின் அளவெடுத்துத் தைத்த அழுத்த உறை.

முன்னேற்றம் தெரிய வேண்டுமென்றால் அளவெடுங்கள். மணிக்கட்டிலிருந்து ஒவ்வொரு 4 சென்டிமீட்டருக்கும் நாடா வைத்து இரண்டு கைகளிலும் சுற்றளவை எழுதி வையுங்கள், ஒரே நேரத்தில், நாடாவை இறுக்காமல். ஏதேனும் ஓர் இடத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது பொதுவாக நிணநீர் வீக்கம் என்று எடுத்துக்கொள்ளப்படும் அளவு.

ஆனால் எதற்கும் முன்னால் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் போக வேண்டும். ஓராண்டு கழித்துப் புதிதாக வரும் வீக்கம் ரத்தக் கட்டியாலும் வரலாம், நோய் திரும்பியதாலும் வரலாம். அவை இல்லை என்று உறுதியான பிறகே கை வைக்க வேண்டும். கை சிவந்து சூடாகி, காய்ச்சலும் குளிரும் வந்தால் அது தோலடித் தொற்று. அன்றே நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படும், மசாஜை உடனே நிறுத்துங்கள். இதய வலுவிழப்பு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இந்த முறை கூடாது, கையிலிருந்து தள்ளும் நீர் கடைசியில் இதயத்துக்குத்தான் போய்ச் சேரும்.

---

தசைமுடிச்சு

கணினிக்காரருக்கு வருகிறேன். முடிச்சு தோள்மேட்டில், வலி நெற்றிப்பொட்டில். இதற்குத் தெளிவான விளக்கம் உண்டு. அமெரிக்க மருத்துவர்கள் ஜேனட் டிரவெலும் டேவிட் சைமன்ஸும் 1983ல் வெளியிட்ட கையேட்டில் ஒவ்வொரு தசையும் வலியை எங்கே அனுப்பும் என்று படம் போட்டிருக்கிறார்கள். கழுத்திலிருந்து தோள்மேட்டுக்கு இறங்கும் மேல் ட்ரபீசியஸ் தசையின் வலி கழுத்தின் பக்கவாட்டில் ஏறி, காதுக்குப் பின்னால் போய், பொட்டில் நிற்கும். இவருக்கு நடப்பது அதேதான். பொட்டில் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தால் தீராது.

இதற்குப் பட்டியலில் உள்ள ட்ரிகர் பாயின்ட் முறைதான், வீட்டிலேயே செய்யலாம்.

வலது முழங்கையை மேசைமேல் வைத்து, கையின் எடை முழுவதும் மேசையில் விழும்படி சாயுங்கள். தோள் தொய்ய வேண்டும். கை தொங்கிக்கொண்டிருந்தால் தசை வேலை செய்துகொண்டே இருக்கும், முடிச்சு பிடிபடாது. இடது கையின் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் தோள்மேட்டுச் சதையைக் கவ்வி, உருட்டிப் பாருங்கள். மெல்லிய கயிறு மாதிரி ஒரு நார்க்கட்டு தட்டுப்படும். அதிலே ஓர் இடம் தொட்டதும் "ஆங், இதுதான்" என்று சொல்லவைக்கும், பொட்டுவலியும் லேசாகக் கிளம்பும். அந்த இடம்தான்.

வலிக்கு 10 மதிப்பெண் என்றால் 5 அல்லது 6 வரும் அளவுக்குக் கவ்வுங்கள். நகர்த்தாமல் பிடித்திருங்கள். மூச்சை மெதுவாக விடுங்கள். 30 முதல் 60 விநாடிக்குள் வலி பாதியாகக் குறையும், விரலுக்கடியில் கயிறு இளகுவது தெரியும். விட்டுவிட்டு அரை நிமிடம் கழித்து இன்னும் இரண்டு முறை. 90 விநாடி ஆகியும் குறையவில்லை என்றால் அழுத்தம் அதிகம், அல்லது இடம் தவறு. அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், குறைத்துப் பாருங்கள். முடிந்ததும் தலையை இடது பக்கம் சாய்த்து 20 முதல் 30 விநாடி, கையால் இழுக்காமல். பிறகு பத்து நிமிடம் இளஞ்சூட்டு ஒத்தடம். நாளுக்கு இரண்டு முறை போதும். முடிச்சு விடவில்லையே என்று மணிக்கு ஒருமுறை அமுக்கினால் மறுநாள் தொடவே முடியாமல் போகும்.

மண்டையோட்டின் அடியில், பிடரி மேலே முடியும் இடத்திலும் இறுக்கம் இருக்கும். இரண்டு டென்னிஸ் பந்துகளை ஒரு காலுறைக்குள் போட்டு நெருக்கமாக முடிச்சிடுங்கள். மல்லாந்து படுத்து, பந்துகள் முதுகெலும்பின் இரு பக்கமும் வரும்படி பிடரி மேட்டில் வைத்து, தலையின் எடையை மட்டும் விடுங்கள். மூன்று நிமிடம். தலையை உருட்ட வேண்டாம்.

பலர் தவறவிடும் இடம் முன்பக்கம். தலையும் தோளும் முன்னே சாய்ந்து உட்காரும்போது முதுகுப் பக்கத்துத் தசை நீண்டு இழுபட்டுத்தான் வலிக்கிறது, சுருங்கிக் கிடப்பது மார்புத் தசை. பின்பக்கம் மட்டும் நீவி அனுப்பினால் மூன்றே நாளில் பழையபடி ஆகிவிடும். காறை எலும்பின் வெளிமுனைக்குக் கீழே, தோள் குழிக்குச் சற்று உள்ளே விரல் நுனிகளை வைத்து மெதுவாக இறங்குங்கள். கை மரத்தாலோ விரல்களில் சுரீரென்றாலோ நரம்பின்மேல் இருக்கிறீர்கள், உடனே ஒரு விரல் அகலம் தள்ளுங்கள்.

கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்கு இரு புறமும் எந்தக் காரணத்துக்காகவும் அமுக்காதீர்கள். மூளைக்குப் போகும் தமனி அங்கே ஓடுகிறது. அந்த இடத்தில் அழுத்தினால் இதயத் துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம், தமனிச் சுவரில் கொழுப்புப் படிவு இருந்தால் அது உடைந்து மூளைக்குப் போகலாம். கை பலவீனம், தொடர்ந்த மரத்துப்போதல், திடீரென்று இதுவரை வராத மாதிரி தலைவலி, நடையில் தள்ளாட்டம் இருந்தால் மசாஜைப் பற்றி யோசிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

---

நிமிர்முதுகு

மூவருக்கும் நன்றி. கை வீக்கத்துக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்று. அளவெடுக்கும் முறையைக் குறித்துக்கொண்டேன், பந்து வைப்பதையும் இன்றைக்கே தொடங்குகிறார்கள்.

இரண்டு சந்தேகம். வலித்தால்தான் பலன் என்கிறார்களே, டீப் டிஷ்யூவில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டுமா? ஓடுபவருக்குத் தசையில் சேரும் "லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து எடுப்பது" உண்மையில் நடக்கிறதா?

---

குதிகால்

இரண்டாவது கேள்விக்கு நான். நடப்பதில்லை. ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் லாக்டிக் அமிலம் தானாகவே பழைய அளவுக்கு இறங்கிவிடும். மெதுவாக நடந்தால் இன்னும் சீக்கிரம். 2010ல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், பயிற்சி முடிந்த உடனே செய்த மசாஜ் அந்த நேரத்துத் தசை ரத்த ஓட்டத்தைத் தடுத்து அமில வெளியேற்றத்தைக் குறைத்ததையே பார்த்தார்கள். மறுநாள் வலிக்கும் அதற்கும் தொடர்பும் இல்லை. அந்த வலி தசை நார்களில் ஏற்படும் நுண் சிதைவால் வருவது.

அப்படியானால் ஸ்போர்ட்ஸ் மசாஜ் வீணா? இல்லை. மறுநாள், மூன்றாம் நாள் வரும் தசை வலியையும் அசதி உணர்வையும் குறைப்பதில் மசாஜ் நன்றாகவே வேலை செய்கிறது. ஓய்வெடுக்கும் முறைகளை ஒப்பிட்டு 2018ல் வந்த தொகுப்பாய்வில் அது முன்னணியில் நின்றது. இழந்த பலத்தை உடனே மீட்டுத் தராது, அவ்வளவுதான்.

நேரத்தைப் பொறுத்து முறை மாறும். பந்தயத்துக்கு முன் பத்து முதல் பதினைந்து நிமிடம், வேகமான நீவலும் குலுக்கலும், ஆழம் கூடாது. பந்தயத்துக்கு முந்தைய இரண்டு நாளில் டீப் டிஷ்யூ செய்துவிட்டு வலிக்கிற காலோடு ஓடுகிறவர்கள் நிறைய. ஓடி முடித்த அன்று லேசான நீவல் மட்டும். ஆழமான வேலைக்குப் பயிற்சி குறைவாக உள்ள நாளைத் தேர்ந்தெடுங்கள்.

ஆடுசதையில் இரண்டு அடுக்கு உண்டு. மேலடுக்கு முழங்காலைத் தாண்டிப் போகிறது, கீழடுக்கு போவதில்லை. கால் நீட்டியிருக்கும்போது மேலடுக்குதான் கைக்கு வரும். குப்புறப் படுக்க வைத்து, கணுக்காலுக்கு அடியில் தலையணை வைத்து முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் மேலடுக்கு தொய்ந்து, இரு ஓரங்களிலிருந்தும் கட்டைவிரல் கீழடுக்கைத் தொட முடியும். ஓடுபவர்களின் இறுக்கம் பெரும்பாலும் இந்தக் கீழடுக்கில். கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி மெதுவாக. முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியில் நரம்பும் ரத்தக் குழாயும் மேலோட்டமாக ஓடுகின்றன, அந்தக் குழியை அமுக்காமல் விட்டுவிடுங்கள்.

குதிகாலுக்கு மேலே காலை விறைப்பு என்றீர்களே, அது தசை அல்ல. ஆடுசதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிநாண் தேய்வின் அறிகுறி அது. மசாஜ் ஆறுதல் தரும், ஆற்றாது. நாணுக்கு வேண்டியது பளு. 1998ல் ஸ்வீடனின் ஆல்ஃப்ரட்சன் வெளியிட்ட முறை இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று, நல்ல காலால் மேலேறி, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். 15 முறை கொண்ட மூன்று சுற்று முழங்கால் நீட்டி, மூன்று சுற்று மடக்கி. காலை, மாலை இரண்டு வேளை, 12 வாரம். வலி குதிகால் எலும்பில் நாண் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்காமல் தரைமட்டத்தோடு நிறுத்துங்கள்.

ஓடும்போது பின்னாலிருந்து யாரோ அடித்தது போல் ஆடுசதை சுரீரென்று வலித்து, பிறகு நீலம் பாய்ந்தால் கிழிசல். முதல் இரண்டு மூன்று நாள் மசாஜ், சூடு இரண்டும் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, ஆடுசதை வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைத் தொடாமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். நீவினால் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

---

அழுத்தமானி

முதல் கேள்விக்கு: பல்லைக் கடிக்க வேண்டியதே இல்லை. 10க்கு 6, மிஞ்சினால் 7. மூச்சு நின்றாலோ, கால் விரல்கள் மடங்கினாலோ, தோள் தூக்கினாலோ எல்லை தாண்டியாயிற்று, அந்த நொடியிலிருந்து தசை எதிர்த்து நிற்கிறது. "கொஞ்சம் குறையுங்கள்" என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல கைக்காரர் கேட்டுக்கொண்டேதான் செய்வார்.

மறுநாள் கொஞ்சம் வலி இருக்கலாம், 24 முதல் 48 மணி நேரத்தில் போய்விடும். கன்றிப்போவது வெற்றியின் அடையாளம் ஆகாது. மிகப் பலமான மசாஜுக்குப் பின் உடம்பு பூராவும் கடும் வலியும் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்திலும் போனால், தசை நொறுங்கிச் சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். அரிதுதான், ஆனால் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. உடனே மருத்துவமனை. நச்சு நீக்கம் என்று எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிடுங்கள், அது கல்லீரலும் சிறுநீரகமும் செய்கிற வேலை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டிருந்தீர்கள். நாள்பட்ட கழுத்துவலியில் அளவைப் பார்த்த ஓர் ஆய்வு 2014ல் வந்தது. வாரம் இரண்டு மூன்று முறை, 60 நிமிடம் வீதம் நான்கு வாரம் பெற்றவர்கள் தெளிவான பலன் கண்டார்கள். அரை மணி நேர அமர்வுகள் அப்படிப் பேசும்படி இல்லை. மாதம் ஒருமுறை போவது சுகம், வலிக்கு அது சிகிச்சையாகாது. நாலு வாரத்தில் மாற்றமே இல்லை என்றால் அதே கையிடம் அதே முறைக்குத் தொடர்ந்து போகாதீர்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவர்களுக்கு நீவல் மட்டும்தான். கர்ப்பிணிகளுக்கு ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, கால்களில் ஆழமான அழுத்தம் இல்லாமல். காய்ச்சல், தோல் தொற்று, முறிவு இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

வீட்டில் ஒருவருக்கொருவர் செய்யும்போது செய்பவரின் கட்டைவிரல்தான் முதலில் கெடும். படுக்கையின் உயரம், நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மடக்கிய விரல் கணுக்கள் தொடும் அளவு. முழங்கை நேராக, தோளுக்கு நேர்கீழே கை. தள்ளாமல் சாயுங்கள்.

---

எண்ணெய்க்கை

எண்ணெயைப் பற்றி யாரும் பேசவில்லையே. முழு உடம்பு ஸ்வீடிஷுக்கு 20 முதல் 30 மில்லி போதும். டீப் டிஷ்யூவுக்கு ஒரு தேக்கரண்டியில் முதுகு முடிந்துவிட வேண்டும். எண்ணெயை உடம்பில் நேராக ஊற்றாமல் உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துச் சூடாக்கிப் பூசுங்கள். பாதாம் எண்ணெய்க்கு முன் கொட்டை ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள்.

நறுமண எண்ணெய் 30 மில்லிக்கு 6 முதல் 12 சொட்டு, அதாவது 1 முதல் 2 சதவீதம். நேரடியாகத் தோலில் கூடாது. எலுமிச்சை இனப் பழத்தோல் எண்ணெயான பெர்கமாட்டைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்துவிடும்.

இன்னொன்று. எண்ணெய் ஊறிய துண்டுகளைத் துவைத்து உலர்த்தும் இயந்திரத்தில் போட்டு, சூட்டோடு எடுத்துக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கலாம். துணியில் மிஞ்சிய எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடாகும், குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. வெந்நீரில் சோப்பு கூட்டித் துவைத்து, கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

---

நிமிர்முதுகு

கடைசியாக ஒன்று. கணினிக்காரருக்கு நீரிழிவும் உண்டு, பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் குறைவு. ஹாட் ஸ்டோன் செய்துகொள்ளலாமா?

---

அழுத்தமானி

வேண்டாம். உணர்ச்சி குறைந்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். இவ்வளவு நேரம் சொன்ன ஒத்தடத்தையும் அவர் தோளில் மட்டும், துண்டு சுற்றி, முன்கையில் வைத்துப் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

உணர்ச்சி சரியாக உள்ளவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. எரிமலைப் பாறையான பசால்ட் கற்கள், தண்ணீர்த் தொட்டியில் வெப்பமானி வைத்து 50 முதல் 54 பாகை செல்சியஸ். கல்லை எடுத்ததும் கையில் புரட்டி, எண்ணெயோடு நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். புண்படுவது கல்லை உடம்பில் நிறுத்திவைக்கும்போதுதான், அதிலும் ஆளைக் கல்மேல் படுக்க வைத்தால் எடை சேர்ந்து அமுக்கும். நிறுத்திவைப்பதானால் நடுவில் மடித்த துண்டு. மைக்ரோவேவில் சூடாக்கிய கல்லைத் தொடவே விடாதீர்கள், வெளியே மிதமாக இருந்து உள்ளே கொதிக்கும்.